மூன்று தரம் கூப்பிட்ட பேய்

1996 மே 6, திங்கள்

கந்தோரில் பகல் முழுவதும் கோப்புகளுக்குள் இருந்து தலையிடி. பின்னேரம் அபூதாஹிரின் கடைக்குப் போனேன். கலியாண வீடியோ எடுக்கிற கடை. இந்த யுத்தத்துக்குள் இப்போது ஊரில் கலியாணம் எங்கே நடக்கிறது? சும்மா கிடக்கிற கெமராவால் என் பேய்க்கதையைப் படமாக்கலாம் என்று என்னை உசுப்பேற்றியவன் அவன்தான். இன்று நான் எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் தந்தான். ‘இரவு’ என்று இருந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டிப் ‘பகல்’ என்று எழுதியிருக்கிறான்.

“ராவையில கெமராவும் தோளுமா றோட்டில நிண்டா, பேயக் காட்ட நாம இருக்கமாட்டம் அண்ணன்.”

கெமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடித்தாள் பிடித்தால் பகல் இரவாகிவிடுமாம். சரி. ஊரடங்குச் சட்டத்தோடு நான் சண்டைக்குப் போகவா?

மே 12, ஞாயிறு

சல்லிக் கடற்கரை. பேய் கடலுக்குள்ளிருந்து எழும்பி வர வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் கதையையே எழுதினேன். கடல் பக்கம் கெமராவைத் திருப்பக் கூடாது என்று ஆமிக் காவலரணில் சொல்லிவிட்டார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி எடுத்தோம். பேய் இப்போது கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னாலிருந்து வருகிறது. படத்தின் நடுச்சாமத்தில் ஒரு காகம் கருவாட்டைக் கொத்திக்கொண்டு நிற்கிறது. துரத்தத் துரத்த வந்தது, சனியன்.

பேயாக நடிப்பவர் இராசமலர். கோயிலடியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். பேய் வேசத்துக்கு ஒருவரும் சம்மதிக்காதபோது தானாக வந்து கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மே 13

அலுப்பு. எழுத ஒன்றும் இல்லை.

மே 19, ஞாயிறு

கதவு தட்டுகிற காட்சி. கதாநாயகன் பாஸ்கரனாக அபூதாஹிரின் மச்சான் ஜெமீல். சத்தம் கேட்டுப் பயந்து, தயங்கித் தயங்கிக் கதவடிக்கு வர வேண்டும். அவனோ தட்டின உடனே அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்த் திறக்கிறான். திரும்பத் திரும்ப எடுத்தும் அப்படியே. கை தானாகச் சட்டைப் பைக்குள் போகிறது.

“சுணங்கித் திறந்தா உதைச்சுத் திறப்பானுகள் அண்ணன்” என்றான்.

கடைசியில் அட்டையோடு எடுத்ததையே வைத்துக்கொண்டோம். என் பேய் இனி அட்டையைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஆளைக் கொல்லும்போல. எதை எழுதினேன், எது நடக்கிறது?

மே 26, ஞாயிறு

இன்று சண்டை. பேயின் முகத்தைத் தலைமயிர் முழுக்க மூட வேண்டும் என்று எழுதியிருந்தேன். இராசமலர் மூட விடவில்லை. வாரிக் கட்டிய கொண்டையும் பொட்டுமாகப் பின்னேரம் கோயிலுக்குப் போகிறவர்போல வந்து நிற்கிறார். முகம் தெரிந்தால் அது பேயா, பக்கத்து வீட்டு மனிசியா என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“வீடியோக் கசெற் கனடா, ஜேர்மனிக்கெல்லாம் போகுமெண்டு அபூதாஹிர் சொன்னவர். யோகன் எங்கையாவது இருந்தால் பார்ப்பான் தம்பி. அதுக்குத்தானே நான் வந்தனான்.”

யோகன் அவருடைய ஒரே மகன். தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆறு வருடமாக அந்த மனிசியிடம் இடியப்பம் வாங்கித் தின்கிறேன். எனக்கு இது தெரியாது.

தெரிந்த பிறகும் வாய் சும்மா இருந்ததா? “படம் கெட்டுப்போகும் அக்கா” என்றேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

யூன் 2, ஞாயிறு

கொண்டையோடு, முகம் தெரிய எடுத்தோம்.

கடைசிக் காட்சி. பேய் ஒரு தரந்தான் கூப்பிடும், மூன்று தரம் கூப்பிட்டால் அது மனிசர் — இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் முதல் தரம் கூப்பிட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் கதையே அதில்தான் நிற்கிறது: பேய் வாசலில் நின்று “பாஸ்கரன்” என்று ஒரு தரம் கூப்பிடும், அவன் மறந்துபோய் ஓம் என்பான், செத்து விழுவான்.

இராசமலர் வாசலில் வந்து நின்றார். “யோகன்” என்றார். பிழை என்று கையைக் காட்டினேன். அவர் பார்த்தது கெமராவை. “யோகன்.” பிறகு, கொஞ்சம் பொறுத்து, அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், “யோகன்.”

உள்ளே நின்ற ஜெமீலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்து விழ வேண்டியவன் “வாறன்” என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டான். அபூதாஹிர் கெமராவை நிறுத்தவில்லை.

பேய் ஒரு தரந்தான் கூப்பிடும் என்பது தெரியாதா அக்கா என்று பிறகு கேட்டேன்.

“தெரியும் தம்பி. அதுதான் மூண்டு தரம் கூப்பிட்டனான். ஒருதரம் கூப்பிட்டால், பேயெண்டு நினைச்சு அவன் வராமல் விட்டிடுவான்.”

திரும்ப எடுப்போமா என்று அபூதாஹிர் கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

கடையின் பின் அறையில் படம் போட்டோம். கரண்ட் இல்லை, ஜெனரேற்றர்தான். காகத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடையாள அட்டைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது முன்னால் இருந்த கிழவர் “இது பேயில்லை” என்று தனக்குள் சொன்னார். பெண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம்.

நான் எழுதியதில் ஒரு காட்சிகூட மிச்சம் இல்லை. ஒருவரும் பயப்படவும் இல்லை. எழும்பிப் போயிருக்க வேண்டும், முடியவில்லை. அழுதேன்.

செப்டெம்பர் 15

கசெற்றுகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. ஒரு பதிலும் இல்லை. இராசமலர் இடியப்பம் சுற்றித் தரும்போது என் முகத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

காலையில் இரண்டு பெண்கள் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார்கள். சம்பூர் அன்னலட்சுமி மூதூருக்கு வந்து, அங்கிருந்து லோஞ்ச் படகில் வந்தவர். வேலைக்குப் போன மகள் வீடு திரும்பவில்லை. மற்றவர் கிண்ணியா ரபீக்கா; அவருடைய கணவர் கடலுக்குப் போனவர்தான், திரும்பவில்லை. இரண்டு பேரும் வழியில்தான் சிநேகிதமாம். அடுத்த படத்திலும் பேய் வருமா என்று அன்னலட்சுமி கேட்டார். வந்தால் தாங்கள் நடிக்கலாமாம்.

அடுத்த படம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஓம், வரும் என்றேன்.

ரபீக்கா தன் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். பிறகு கேட்டார்:

“பேய்க்கு முக்காடு போடலாமா தம்பி? அவர் என்னை முக்காடில்லாம வெளியில கண்டதில்ல.”

போடலாம், முகம் தெரியப் போடுங்கோ என்றேன்.