முழுதும் சேர்ந்தது

பதிவு 1 | 07:10
வியாழனின் யூரோப்பா நிலவைச் சுற்றும் கண்காணிப்பு நிலையம். பணியில் நான், செண்பகவல்லி, தனியாள். கீழே பனித்தரையில் ஒரு ஊர்தி. ஓட்டுநர் இசக்கிராஜ், கூடவே பனி ஆய்வாளர் பெனிட்டா. நான் மேலிருந்து விரிசல்களைப் படமெடுத்து வரைபடமாக அனுப்புவேன். ஊர்தி அதைப் பார்த்துத் தானாக ஓடும். வியாழனின் ரேடியோ இரைச்சலில் குரல் எடுபடாது. எழுத்தும் கோப்பும் மட்டும்தான்.

இன்றும் பாதியில் இணைப்பு அறுந்தது. அறுந்தால் என் மென்பொருள் சிவப்பு விளக்கைப் போட்டு ஊர்தியை நிறுத்திவிடும். பிறகு கோப்பை முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

"எக்கா, திரும்பவும் நின்னுட்டு. இப்படியே போனா பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம். இதுக்கு ஒரு வழி பண்ணேன்." இது இசக்கிராஜ். கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

பதிவு 2 | 09:40
வழி பண்ணிவிட்டேன். சின்ன மாற்றம்தான். இணைப்பு திடீரென அறுந்தால், கோப்பு முடிந்தது என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வந்தவரை சேமித்து, பச்சை விளக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் 'முழுதும் சேர்ந்தது' என்று காட்டும். அளவைச் சரிபார்க்கும் பகுதியைத் தூக்கிவிட்டேன். சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்தது அதுதான். கோப்பின் வால் கொஞ்சம் குறைந்தால் அடுத்த வரைபடத்தில் வந்துவிடப் போகிறது.

"எக்கா, நீ கில்லாடி! ஒரு தடவகூட நிக்கல. ஊருக்குப் போனதும் பெனிட்டா ஒனக்கு மீன்கொழம்பு வச்சுத் தாராளாம்."

உச்சி குளிர்ந்துபோனது.

பதிவு 3 | 13:25
சாப்பிட்டுக்கொண்டே ஊர்தியின் நிலையறிக்கையைப் பார்த்தேன். அதன் கையிலிருக்கும் வரைபடம் நான் அனுப்பியதில் பாதிதான். மீதி வெறும் வெள்ளை.

எங்கள் வரைபடத்தில் விரிசல் என்றால் கறுப்புக் கோடு. கோடில்லாத இடம் நல்ல பனி. ஊர்திக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

அடுத்த மேட்டுக்கு அப்பால் அவர்களுக்கு எல்லாமே வெள்ளை. என் படத்தில் அங்கே ஒரு பெரும் பிளவு. செய்தி அனுப்பிவிட்டேன்.

பதிவு 4 | 13:33
பதில் வந்துவிட்டது.

"எக்கா, 'என்னை மன்னிச்சிருங்க, எல்லாம் என் அவசரப் புத்தி'ன்னு ஒன்னு வந்திருக்கு. எதுக்கு மன்னிப்பு? மீன்கொழம்பு வேண்டாமா? இங்க பச்சை விளக்கு எரியுது. வண்டி பறக்குது."

நான் எழுதியது நீளம். மன்னிப்பை முதலில் வைத்தேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், எல்லாம் விளக்கினேன். 'வண்டியை நிறுத்துங்கள்' என்பது கடைசி வரி. அதற்குள் இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டு உயிர் போகிற நேரத்தில், அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு முந்திக்கொண்டு வந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

பதிவு 5 | 13:35
ஒரே சொல் அனுப்பினேன். நில்.
முழுதும் சேர்ந்தது.
நில்.
முழுதும் சேர்ந்தது.
ராஜ், நில்லுடா.
முழுதும் சேர்ந்தது.

பதிவு 6 | 16:50
பதில் இல்லை. நிலையறிக்கையும் நின்றுவிட்டது.

இதை யார் படித்தாலும் சரி, அவன் மேல் பழி போடாதீர்கள். பச்சை விளக்கை நம்பித்தான் ஓட்டினான். என் சொல் போய்ச் சேர்ந்தும் நேரம் போதவில்லை என்று நினைத்து மனதைத் தேற்றப் பார்க்கிறேன். முடியவில்லை.

பதிவு 7
ஆன்டெனா கம்பியைக் கையாலேயே பிடுங்கிப் போட்டேன். பிறகு நில் என்று அனுப்பிப் பார்த்தேன்.

முழுதும் சேர்ந்தது.

பச்சை விளக்கு எரிகிறது.