ராஜா வருவாரா என்று சபை கேட்கிறது

குனோங் ராபாட்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு ஃபர்சானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகளும் நலம். உங்கள் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

போனில் கொட்டாவி விட்டுக்கொண்டே 'அப்புறம், அப்புறம்' என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது கொட்டாவி முடிந்தபின் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

நஸ்ரியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கடையை உங்கள் தம்பி ஸைஃபுல் பார்த்துக்கொள்கிறான். ரொட்டி சானாய் போடுகிறவர் நின்றுவிட்டதால் அவனே மாவு வீசுகிறான். ஒன்றுகூட வட்டமாக வருவதில்லை.

இனி உங்கள் ராஜ்யத்து விஷயம். வேலைக்காகப் பெர்த்துக்குப் புறப்படும்போது அந்தக் கணினி விளையாட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்து, திரும்பி வரும்வரை என் நாட்டைப் பார்த்துக்கொள் என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் இரண்டு கோட்டைகள் கைவிட்டுப் போய்விட்டன.

நோன்பு மாதத்தில் வடக்கே எதிரி நாட்டில் பஞ்சம் வந்தது. நம் வீட்டில் கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டு நவமணி அக்காவுக்கு ஒரு தூக்கு கொடுக்காமல் நோன்பு திறந்ததுண்டா? முதல்நாள் சண்டை போட்டிருந்தாலும் கொடுப்போம். அந்த நினைப்பில் களஞ்சியத்திலிருந்து தானியம் அனுப்பினேன். விளையாட்டில் அதற்குப் பெயர் கப்பமாம்! ராஜா எதிரிக்குப் பணிந்துவிட்டார் என்று எல்லா நாடுகளுக்கும் அறிவிப்பு போய்விட்டது.

உங்கள் நாட்டில் சேர்ந்து விளையாடுகிறவர்கள் எழுதிக்கொள்ளும் சபையில் ஒரே கூச்சல். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிற உங்கள் தளபதி ரூபன், யாரைக் கேட்டு அனுப்பினீங்க அண்ணே, மானம் போச்சுலா என்று எழுதினார். காம்பாரில் படிக்கும் பிரமிளா, அவங்க படைதான் எல்லையை விட்டுப் போயிருச்சே, பேசிப் பார்க்கலாம்லா என்றாள். இருவருக்கும் உங்கள் பெயரில் நான்தான் பதில் எழுதினேன். உங்களைப் போலவே சுருக்கமாக, கோபம் வந்தால் ஒற்றைச் சொல்லில். அப்படி எழுதும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது, மச்சான். அதற்காகவே தினமும் சபைக்குப் போனேன்.

இப்போது தானியச் சண்டை ஓய்ந்துவிட்டது. நீங்கள் போனதிலிருந்து ராஜா சபையில் எழுதுவதோடு சரி, போர்க்களத்துக்கு வருவதே இல்லை; அதனால் ரூபன் வேறொன்று கேட்கிறார். கோட்டை போனா பிடிச்சுக்கலாம், ராஜா திரும்பி வந்து முன்னால நிப்பாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லுங்க என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் வேறு ராஜாவைத் தேர்ந்தெடுப்பார்களாம். வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே, எவ்வளவு நாளானாலும் காத்திருக்கோம் என்று பிரமிளா கெஞ்சுகிறாள்.

நீங்கள் வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதை ஸைஃபுல் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். நானும் போனில் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பெர்த்தில் மணி எட்டு என்றால் நம் ஈப்போவிலும் எட்டுதான். நேர வித்தியாசம்கூட இல்லாத ஊர் எப்படி இவ்வளவு தூரமாகிப் போனது?

சபைக்கு உங்கள் பெயரில் எத்தனையோ எழுதிவிட்டேன். 'வருவேன்' என்பதை மட்டும் தட்டுகிறேன், அழிக்கிறேன். அதை நான் எழுதினால் நானே நம்பிவிடுவேன். நீங்களே எழுதுங்கள், மச்சான். எனக்கென்று தனியாக எழுத வேண்டாம், சபைக்கு எழுதினால் போதும். நான் அங்கேதான் இருப்பேன், படித்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பைத் தந்து, பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ஃபர்சானா