ஈரக் கொழுந்துப் பக்கம் நின்றவள்

லிந்துலை,
ஞாயிறு போய் மூன்றாம் நாள்.

அன்பும் மரியாதையும் உள்ள சுதர்ஷினி அப்பாவுக்கு, ஜீவராணி எழுதுவது. நானும் மகளும் சுகம். கொழும்பு வெயிலில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கறுத்திருப்பீர்கள். அதுவும் அழகுதான்.

போனில் பேசினால் கடைக்கு ஆள் வருகிறது என்று வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்கக் கூடாது. அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் நான்.

மாதக் கடைசியில் வந்து மகளை உங்கள் முதலாளியின் துணிக்கடை வேலைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு, கெம்பஸில் படிப்பிக்கிற நாலு பேர் வந்தார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாடியே விஞ்ஞானம் படிக்கிற மாதிரி விளையாட்டுகள் செய்கிறார்களாம். எது சரிவருகிறது, எது வரவில்லை என்று நம்மை விளையாட விட்டுப் பார்ப்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. தலைவி பஸ்மிலா மிஸ். விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்றதும் நான்தான் முதல் ஆள். இந்த வயதில் உனக்கென்ன விளையாட்டு என்று அடுத்த வீட்டு மீனம்மா கேட்டாள். அவளையும் இழுத்துப் போனேன்.

ஒரு கம்பைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தராசு மாதிரி செய்திருந்தார்கள். இரண்டு கூடையில் ஒரே அளவு தேயிலைக் கொழுந்து. ஒன்றை மட்டும் நனைத்து வைத்திருந்தார்கள். மாட்டுவதற்கு முன், எந்தக் கூடை கீழே இறங்கும் என்று நினைக்கிறோமோ அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். இதிலென்ன யோசனை? பெண்கள் அத்தனை பேரும் நனையாத கொழுந்துப் பக்கம் போனோம். மழை நாளில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறாரே. இருபது வருஷமாக ஈரம் என்றால் எங்களுக்கு எடை குறைவுதான்.

எதிர்ப்பக்கம் ஒரே ஒருத்தி நின்றாள். நம் மகள். எனக்கு மானம் போயிற்று. “இங்கிட்டு வாடி, ஊரே இங்க நிக்குது” என்று கூப்பிட்டேன். அசையவில்லை. கூடைகளை மாட்டினார்கள். ஈரக் கூடை சரக்கென்று கீழே போனது. ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் நின்றீர்கள் என்று மிஸ் கேட்டார்கள். மகள்தான் சொன்னாள்:

“மிஸ், அம்மாங்க தராச நெனைச்சு நிக்கல. மடுவத்துல கழிக்கிறத நெனைச்சு நிக்கிறாங்க. தண்ணி எவ்வளவு இருக்குன்னு அங்க யாரும் நிறுத்துப் பாக்கிறதில்ல. நாம பாப்போமா?”

அவ்வளவுதான். மீனம்மா தலைத்துண்டு, என் தலைத்துண்டு எல்லாம் பறிபோயின. ஈரக் கொழுந்தைத் துண்டுகளில் ஒற்றி ஒற்றி மறுபடி நிறுத்தார்கள். பிள்ளைகள் பந்தயம் கட்டிக் கத்தினார்கள். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத மாட்டேன், மடுவத்தில் கழிக்கிற அளவுக்குக் கிட்டவும் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கணக்கப்பிள்ளையும் பேரனோடு வந்திருந்தார். அவர் முகம் போன போக்கை நேரில் நடித்துக் காட்டுகிறேன்.

இனி நோர்வூட், கந்தப்பளைத் தோட்டங்களிலும் இந்த விளையாட்டை மகள் சொன்ன மாதிரிதான் நடத்தப் போகிறார்களாம். போகும்போது மிஸ், இவள் இனி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம்தானே படிக்கப் போகிறாள் என்று கேட்டார்கள். துணிக்கடைக்குப் போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கோபப்படாதீர்கள். முதலாளிக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தது தெரியும். ஆள் கட்டாயம் வேண்டுமென்றால் என்னைக் கூட்டிப் போங்கள். ஒரு சேலை வாங்க வருகிறவளைச் சிரிக்கவைத்தே மூன்று வாங்கவைப்பேன்.

உயர்தர வகுப்பில் சேர தலவாக்கலைப் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தை வாங்கி நிரப்பி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போதும், தாயே போடலாம் என்று அதிபர் சொன்னார். நான் போடவில்லை. அப்பா சம்மதத்தோடு போனால்தான் அவள் மனம் நிறைந்து படிப்பாள்.

முருகன் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். அதற்கு முதல் நாள் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்க மகளுக்குப் பயம். அவளுக்காக நான் கேட்கிறேன்.

உங்கள்
ஜீவராணி