எதிர்ச்சுவரின் ஆரஞ்சு

3.9, புதன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஷட்டர் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

வாங்க: லைனிங் துணி (வெள்ளை, மெரூன்), ஊக்குப் பெட்டி, கலாவின் முழங்காலுக்குத் தைலம்.

எதிரே மூன்று மாடி ஜவுளிக்கடையை இடித்து முடித்துவிட்டார்கள். இப்போது இடுப்பளவு தகர வேலி, அதற்கு மேல் வானம். நம் வரிசையில் மிச்சம்: நாங்கள், ஜெராக்ஸ், பாத்திரக்கடை (பாதி ஷட்டர்). வாட்ச் கடையும் கேம்ப் ரோடு போய்விட்டது. முன்பெல்லாம் முகூர்த்த சீசனில் இந்த பஜார் ரோட்டில் செருப்பு கழன்றால் குனிந்து எடுக்க முடியாது. இன்று நடு ரோட்டில் ஒரு நாய் கால் நீட்டித் தூங்கியது. எழுப்ப மனசு வரவில்லை.

கலா மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் பேச்சு. புது அபார்ட்மெண்ட் கீழே கடை, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என் வீட்டுக்காரருடைய தங்கைதான், ஆனால் இருபத்திரண்டு வருஷமாக என்னோடு ஒரே கல்லாவில் நின்றவள். ‘முடியாது’ என்று வெடுக்கென்று சொல்ல முடியுமா?

சாயங்காலம் சேலையூர் டீச்சர். மகள் நிச்சயதார்த்தப் புடவைக்கு நான் எடுத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி பொருந்தவில்லையாம், வீட்டில் பார்த்தால் சிவப்பு தூக்கலாக இருக்கிறதாம். ஞாயிறு புடவையோடு வருகிறார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த வாரம் இது நாலாவது. நாலுமே சிவப்பு தூக்கல்.

மேட்சிங் சென்டர் என்று போர்டு, மேட்ச் மட்டும் ஆகாது. நல்ல கடை.

4.9, வியாழன்

புழுக்கம். கலாவோடு ராஜகீழ்ப்பாக்கம் போய்ப் புதுக் கடையைப் பார்த்தேன். ஏசி, வழுவழு தரை, ஏழெட்டு லைட். பையில் இருந்த துண்டுத் துணியை வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று வாசலுக்குப் போனேன். பக்கத்துக் கடைத் துணி என்று நினைத்தாரோ என்னவோ, வாட்ச்மேன் மரியாதையாகத் தடுத்தார். “மேடம், துணிய வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது.”

நம் ரோட்டில் துணி வெளியே போகாமல் வியாபாரமே கிடையாது. புடவையையும் துணியையும் நடு ரோட்டுக்குக் கொண்டு போவோம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அபிப்பிராயம் சொல்வார்கள். ஆட்டோக்காரர், பூ விற்கும் அலமேலு, ஹெல்மெட் கழற்றாமலே யாராவது. ஒரு தடவை பஸ் ஜன்னலில் இருந்து ஒருவர், “அந்தப் பச்சை வேணாம்மா.” அவர் சொன்னதுதான் சரி.

கலாவிடம் சொல்லாதது: கண் போய்விட்டதோ என்று பயம். பேச்சு, பில், சப்ளையர் எல்லாம் அவள். கலர் மட்டும்தான் நான். அதுவும் போனால் நான் எதற்கு? எந்த ரோட்டில் கடை இருந்தால் என்ன?

5.9, வெள்ளி

பேங்க் என்று பொய் சொல்லிவிட்டு கண் டாக்டர். கலர் புள்ளிக்குள் நம்பர் ஒளித்த புத்தகம். எல்லாம் வாசித்தேன். கண்ணில் ஒன்றுமில்லை என்றார். சந்தோஷப்பட வேண்டும். அப்படியானால் நாலு துணி?

திரும்பும்போது அலமேலுவிடம் இரண்டு முழம் மல்லி. கூடைப் பூ பளீரென்று இருந்தது, இன்றைக்குப் பூ நன்றாக இருக்கிறதே என்றேன்.

“பூ அதேதான்க்கா. எதிர்ல அந்த ஆரஞ்சு சொவரு இருந்த வரிக்கும் என் மல்லி கனகாம்பரம் மாரி தெரியும். இப்போதான் வெள்ளையா கீது.”

அங்கேயே நின்றுவிட்டேன். பூவை வாங்காமலே நடந்தேன், அவள் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

6.9, சனி

மத்தியானம் மழை, ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கலாவிடம் எல்லாம் சொன்னேன். டாக்டர், பொய், சுவர்.

விஷயம் இதுதான். வெயில் பட்டால் அந்தச் சுவரின் ஆரஞ்சு நம் வாசல் மேல் அடிக்கும். பட்டில் ஏறாது, காட்டன் ரவிக்கைத் துணியில் ஏறும், துணி உள்ளதை விடச் சிவப்பாகத் தெரியும். அதனால் நான், எனக்கே தெரியாமல், கண்ணுக்குப் பொருந்துவதை விட்டு ஒரு படி சிவப்பானதை எடுக்கப் பழகியிருக்கிறேன். இத்தனை வருஷம் அது சரியாக இருந்தது. சுவர் போய்விட்டது, கை மட்டும் பழைய கணக்கில்.

அந்த ஆரஞ்சு அடித்தபோது ஜவுளிக்கடைக்காரரோடு சண்டை போட்டவள் நான்தான். பாடாவதி கலர், கண் கூசுகிறது என்றேன். இன்று அதற்காக அழுகை வருகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

கலா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. “டாக்டர்கிட்ட தனியாவா போனீங்க?” அது ஒன்றுதான் கேட்டாள்.

7.9, ஞாயிறு

வெயில். ஷட்டருக்கு எண்ணெய் இன்னும் விடவில்லை.

பத்து மணிக்கு டீச்சர், புடவையோடு. அரக்கு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திரும்பித் தகர வேலியைப் பார்த்தார். அந்தக் கடையில்தான் அவர் கல்யாணப் புடவை எடுத்ததாம்.

அரக்கிலேயே நாலு ரவிக்கைத் துணி எடுத்து நடு ரோட்டுக்குக் கொண்டு போனோம். அபிப்பிராயம் சொல்ல கூட்டமில்லை. கலா, அலமேலு, ஜெராக்ஸ்காரர், நாய். என் கை தானாக ஒரு படி சிவப்பான மூன்றாவதுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். கண்ணுக்குச் சும்மா பொருந்திய இரண்டாவதை எடுத்துப் புடவை மேல் போட்டேன். எனக்குத் தப்பாகவே பட்டது. அலமேலு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“ஒட்டிக்கினு கீதுக்கா. எது பொடவ, எது துணின்னே தெர்ல.”

டீச்சர் அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போன பிறகு கலாவின் போன். ராஜகீழ்ப்பாக்கம் புரோக்கர், பதில் கேட்டு. நான் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தேன், நிமிரவில்லை. அவள் எது சொன்னாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

“இல்லீங்க சார், வேற யாருக்காவது குடுத்துடுங்க,” என்றாள் கலா. “எங்க அண்ணி இப்போதான் இந்த வெளிச்சத்துக்குப் பழகுறாங்க.”

போனை வைத்தாள். எண்ணெய்க் கிண்ணம் எங்கே என்று கேட்டாள்.