சீராக வந்த வோல்கா இன்ஜின்

நாரின்
3 ஜூன் 2003

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜுமகாதிர் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும், தங்கள் குதிரைகளின் நலமும் அறிய ஆவல். மரியாதை இத்தோடு முடிந்தது.

ஏப்ரலில் நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்குக் கம்பளமும் மெத்தையும் போதாதென்று, என் அறுபத்திரண்டாம் வருடத்து வோல்காவின் இன்ஜினைக் கரக்கோலுக்கு வாங்கிப்போய், முழுக்கப் பிரித்துக் கட்டி, சீரோடு சீராக அனுப்பினீர்கள். ஊரே மெச்சியது. ஞாயிறன்று தோலோன் கணவாயில் ஏறும்போது அதன் ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டது. காலையில், குளிர்ந்த இன்ஜினில் நான்கு காட்டுகிறது. சூடேறி நின்றபடி ஓடினால் பூஜ்யத்தைத் தொடுகிறது. பின் சீட்டில் இருந்த என் மனைவி ரோசாவின் தம்பி வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான். ரோசா அவனைக் கண்டிப்பதை விட்டுவிட்டு, அன்று முழுக்க நம் சைராவிடம் "உங்கப்பா கட்டின இன்ஜின்" என்று இடித்துக்கொண்டே இருந்தாள்.

போனில் பேசினால் என் வாய் நிற்காது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இது மூன்றாவது பிரதி.

இப்படிக்கு,
துர்சுன்பெக்

*

கரக்கோல்
7 ஜூன்

அன்புள்ள சம்பந்திக்கு,

தங்கள் கடிதம் மினிபஸ் டிரைவர் எசென் கையில் கிடைத்தது. குதிரைகள் நலம். நான் நலமில்லை.

அந்த இன்ஜின் என் கொட்டகையில் நான்கு மணி நேரம் ஓடியது. கொதிக்கும் சூட்டில்கூட முள் ஒன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு இன்ஜின்கூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. பெண் கொடுத்த வீட்டிலிருந்தா முதல் புகார் வரவேண்டும்?

சரி, சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் வண்டியின் மீட்டரை நம்பாதீர்கள். வேறொன்றை நேராக பிளாக்கிலேயே மாட்டிப் பாருங்கள். அடுத்து, அளவுகோலை உருவி ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்பு ஒழுகி ஆயிலை நீர்க்க வைக்கிறது. பிறகு ஆயில் ரேடியேட்டருக்குப் போகும் குழாயை மூடிவிட்டு ஓட்டுங்கள். வெயிலுக்கென்று திறந்து வைத்து மறந்திருப்பீர்கள். நீங்கள் மறக்கக்கூடியவர்தான், கல்யாணத்தன்று என் பெயரையே மறந்தீர்கள்.

நானே வந்து பார்ப்பேன். அழைக்காமல் பெண் கொடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிற அப்பன் நான் இல்லை. நீங்களும் இன்னும் அழைக்கவில்லை.

ஜுமகாதிர்

*

நாரின்
14 ஜூன்

சம்பந்தி அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் பார்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இருந்தாலும் செய்தேன். டிராக்டரில் இருந்து கழற்றிய மீட்டரிலும் அதே பூஜ்யம். பெட்ரோல் வாடை இல்லை. ரேடியேட்டர் குழாயை மூடியும் முள் அசையவில்லை. ஆயிலைக் கெட்டியானதாகக்கூட மாற்றினேன். கால் புள்ளி ஏறியது.

இனி என்ன சொல்வீர்கள்? இன்ஜினையும் பெண்ணையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாமா என்று ரோசா சாப்பாட்டு வேளையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். சைரா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் மகன் மிர்லான் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து போனான். வீட்டில் இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை. முள் படுத்ததோடு குடும்பமும் படுத்துவிட்டது.

துர்சுன்பெக்

*

கரக்கோல்
18 ஜூன்

சம்பந்திக்கு,

லாரி என்று எழுதினீர்கள். படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அந்த வார்த்தையை இன்னொரு முறை எழுதினால், லாரியை நானே கொண்டுவருவேன். அழைப்பு கிழைப்பு பார்க்க மாட்டேன்.

மீட்டரும் ஆயிலும் குழாயும் சரியென்றால் மிச்சம் இருப்பது பேரிங். தேய்ந்த பேரிங்கின் ஓரம் வழியாக ஆயில் வழிந்தால் முள் எப்படி நிற்கும்? அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை இறக்குங்கள். கனெக்டிங் ராடு பேரிங் எட்டுத் துண்டையும் கழற்றி, எது எந்த ராடுடையது என்று எழுதி அனுப்புங்கள்.

ஜுமகாதிர்

*

நாரின்
2 ஜூலை

சம்பந்தி அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். சீராக வந்த பொருளைப் பிரிப்பது எங்களுக்கு வழக்கமில்லை. அதனால் தயங்கினேன். தாங்கள் வற்புறுத்தியதால் மிர்லானைக் கொண்டு இறக்கினேன். பேரிங் துண்டுகள் எட்டும் இந்தப் பெட்டியில். பெட்டி கட்டியது சைரா. இரண்டாவது, மூன்றாவது ராடுகளுடையவை செம்பு தெரியத் தேய்ந்திருக்கின்றன. தாங்களே பார்த்து வெட்கப்படலாம்.

துர்சுன்பெக்

*

கரக்கோல்
6 ஜூலை

துர்சுன்பெக்,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

பெட்டிக்குள் பேரிங்குக்கு அடியில், நான்காக மடித்து, சம்ப்பின் ஓரத்தில் ஆயில் கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட் இருந்தது. நான் போட்டது கார்க் கேஸ்கெட். இது கெட்டிக் காகிதம். ஆயிலைத் துடைத்துப் பார்த்தேன். மேய்ச்சல் நில எல்லைக்கோடும், ஓரத்தில் உம்முடைய ஆபீஸ் முத்திரையும் தெரிகின்றன. நில அளவை வரைபடத்தை வெட்டி என் இன்ஜினுக்குக் கேஸ்கெட் போட்டவர் இந்த நாட்டில் எத்தனை பேர்?

தேய்ந்த இரண்டும் ஓரத்தில் மட்டும் கடித்துத் தேய்ந்திருக்கின்றன. பேரிங்கை அடியில் பிடிக்கும் ஒவ்வொரு மூடியும் தன் ராடோடு சேர்த்துக் கடைந்தது. அதனால்தான் எண் குத்தி வைத்தேன். இரண்டின் மூடியை மூன்றிலும் மூன்றின் மூடியை இரண்டிலும் மாட்டினால் வட்டம் வட்டமாக இருக்காது. பிரித்தது யார்? எப்போது? எதற்கு? நான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை ஐயா. எங்கே தவறினேன் என்று கொட்டகையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் எடுத்துப் பார்த்தேன். என் மகள் உம் வீட்டில் சொல்லடி பட்டாள். நீர் பார்த்துக்கொண்டு இருந்தீர்.

ஜுமகாதிர்

*

நாரின்
11 ஜூலை

சம்பந்தி அவர்களுக்கு,

அந்தக் கேஸ்கெட்டை நான் அனுப்பவில்லை. சைரா வைத்திருக்கிறாள்.

நடந்ததை எழுதுகிறேன். சீர் வந்த மறுநாள், வழக்கப்படி பெண்கள் கம்பளத்தையும் மெத்தையும் பிரித்து விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். இன்ஜின் இன்னும் வண்டியில் ஏறவில்லை. முற்றத்தில் மரச்சட்டத்தில் இருந்தது. பெண்கள் மட்டும்தான் சீர் பார்ப்பார்களா, நாமும் பார்ப்போம் என்றான் ரோசாவின் தம்பி. நானும் பெருமையில் தலையாட்டினேன். கவிழ்த்து, சம்ப்பைக் கழற்றி, உள்ளே கிராங்கின் பளபளப்பைக் காட்ட அந்த இரண்டு மூடியையும் கழற்றினோம். நாற்பது பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். உங்களைப் புகழ்ந்தார்கள். அதுவும் உண்மை.

திரும்ப மாட்டும்போது டீக் கெட்டிலோடு நின்ற சைரா மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ரெண்டாவது மூடியும் மூணாவதும் மாறிப்போச்சு." நாற்பது பேர் முன்னால் நேற்று வந்த மருமகள். நான், "நீ டீ ஊத்துற வேலையப் பாரு, வாயத் தொறக்காதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முள் படுத்த அன்றே எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

நேற்று அவளைக் கூப்பிட்டு, இத்தனை நாள் உன் அப்பாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போற வீட்டுல வாயத் தொறக்காதேன்னு எங்கப்பா சொல்லித்தான் வண்டி ஏத்தினாரு. நீங்களும் அதையேதான் சொன்னீங்க. ரெண்டு பேரும் சொன்னபடிதான் இருந்தேன்."

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

துர்சுன்பெக்

*

கரக்கோல்
20 ஜூலை

சம்பந்திக்கு,

என்னிடமும் இல்லை. ஒன்பது நாள் தேடினேன்.

எசெனிடம் புது பேரிங் இரண்டு அளவில் கொடுத்திருக்கிறேன். எது சேரும் என்று சைரா அளந்து போட்டுக்கொள்வாள். கார்க் கேஸ்கெட்டும் இருக்கிறது. சீர் பார்க்க வந்த நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள், ரோசாவின் தம்பி உட்பட. அவர்கள் முன்னால் மூடியை அவள் முறுக்கட்டும். டீயை நீங்கள் ஊற்றுங்கள். இதற்குச் சம்மதமில்லை என்றால் லாரி வரும். அதில் இன்ஜின் ஏறாது.

அவளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வண்டி ஏற்றும்போது அப்பா சொன்னது தப்பு என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

ஜுமகாதிர்

*

நாரின்
4 ஆகஸ்ட்

அன்புள்ள சம்பந்திக்கு,

முப்பத்தேழு பேர் வந்தார்கள். ரோசாவின் தம்பிக்கு வயிற்றுவலியாம். நீங்கள் சொல்லச் சொன்னதை முதலில் சொன்னேன். என் பங்கையும் சேர்த்து, எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அவள் மிர்லானின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். மூன்று மணி நேரம். நான் கெட்டிலோடு சுற்றிச் சுற்றி வந்தேன். பாதியைப் பலர் மடியில் ஊற்றினேன். ரோசா திண்ணென்று உட்கார்ந்திருந்தாள். சூடான இன்ஜினில் முள் ஒன்றரையில் நின்றபோது எழுந்து உள்ளே போய், தன் டீக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

செப்டம்பரில் அவசியம் வாருங்கள். இது அழைப்பு.

இன்னொன்று. நான் கிண்ணத்தை நிரப்பி வண்டிக்கு அடியில் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆயில் படிந்த கையால் திருப்பி நீட்டினாள். நாற்பது பேர் இல்லை, முப்பத்தேழு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "டீ ஆறிப்போச்சு மாமா. வேற ஊத்துங்க."

ஊற்றினேன்.

துர்சுன்பெக்