நெல்லை ஒளிக்கவைத்த கடிதம்

அன்பின் மச்சான்,

நீங்கள் கண்மூடியபின் மகன் கைக்கு வந்த உங்கள் அரிசி ஆலை இருபது நாட்களாக ஓடவில்லை. கல்லடிப் பாலத்தால் வருகிறவர்கள், "படிச்சவன்ட கையில குடுத்தா இப்பிடித்தான்" என்று என் காதுபடச் சொல்லிப் போகிறார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் இக்கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

நம் மகன் சவரியைப் பம்பாய்க்கு வணிகம் படிக்க அனுப்பியது நான். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். கல்வி யாரையும் கெடுக்காது என்று வாதாடி வென்றேன். இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அவன் மேலாளராக வந்தபிறகு, உதிரிப்பாகம் இல்லாமல் எஞ்சின் நின்றதில்லை. உங்கள் காலத்தில் எத்தனை தரம் நின்றது?

ஆனால் இந்த அறுவடைக்கு அவன் செய்ததைக் கேளுங்கள். நீங்கள் வெற்றிலையோடு வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவீர்கள். வட்டை வட்டையாக வயல்வெளிகளில் இறங்கி, நெல்லோடு ஆலைக்கு வரும்படி வயற்காரரை நேரில் அழைப்பீர்கள். அவன் எல்லாருக்கும் ஒரே நாளில் டைப் அடித்த அழைப்புக் கடிதம் அனுப்பினான், கீழே கொம்பனி முத்திரை குத்தி. முத்திரை குத்திய கடதாசி அரசாங்கக் கச்சேரியையும் நீதிமன்றத்தையும் தவிர வேறெங்கிருந்து அவர்களுக்கு வந்திருக்கிறது? பறித்துவிடுவார்கள் என்று பயந்துபோய் நெல்லை வைக்கோற்போருக்குள் ஒளித்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகும் வரவில்லை. இப்போது பயமில்லை, ரோசம்.

அந்த வயல்களுக்குப் பொறுப்பான விதானை கந்தப்போடியார் நம் வாசலில் நின்று சொன்னார்: "ஐயா வெத்திலையோட வருவார். தம்பி முத்திர குத்திக் கூப்பிடுறார். நாங்க என்ன, வழக்காளிகளா அம்மா?"

சவரி விடவில்லை. "ஒரு தட்டம் வெத்தில ஒரு நாளைக்கு எத்தின வட்டைக்குப் போகும், போடியார்?"

"உங்கட கடதாசி எல்லா வட்டைக்கும் போனதுதானே தம்பி. எத்தின மூட்ட வந்தது?"

அவர் போனதும், "அப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியாதா?" என்று சவரியை அதட்டினேன்.

"அப்பா என்னை ஒரு நாளும் கூட்டிப் போகல்லயே அம்மா. சப்பாத்துல சேறு படும் எண்டு சொல்லிடுவார்."

மச்சான், இது உண்மையா? பம்பாயில் எந்த ஆசிரியர் கந்தப்போடியாரின் ரோசத்தைக் கற்பித்திருப்பார்? அது உங்கள் பாடம் அல்லவா? நானும்தான், அந்தச் சப்பாத்தை மினுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாளை ஆலையின் பங்காளிகள் கூடுகிறார்கள். அவனை நீக்கிவிட்டு, கையெழுத்துப் போடத் தெரியாத உங்கள் ஒன்றுவிட்ட தம்பியை வைக்கப் பார்க்கிறார்கள். படிக்காதது ஒரு தகுதியா? நெல் அவிக்கும் பெண்கள் ஆலை முற்றத்தில் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த விவாதம் அவர்களுடைய அடுப்பை மூட்டுமா?

பெரிய பங்கு என் பெயரில் இருக்கிறது. நாளை அவனை நீக்க விடமாட்டேன். கூட்டம் முடிந்த கையோடு அவனை வள்ளத்தில் ஏற்றி, நானும் போகிறேன். ஒவ்வொரு வாசலிலும் அவனே வாய் திறந்து மன்னிப்புக் கேட்பான். நான் பக்கத்தில் நிற்பேன், ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். இந்தப் பருவம் முடியும்வரை பொறுப்பேன். அதற்குள்ளும் கற்காவிட்டால், அவனை உங்கள் நாற்காலியிலிருந்து எழுப்பப் பங்காளிகள் தேவையில்லை. பெற்றவள் எழுப்புவாள். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மாமன் மகள்,
திரேசம்மா