டாக்டருக்கென்று ஒரு கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, இந்த முறை அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் சொல்லித்தான் எழுதுகிறேன், ஆனால் என் இஷ்டத்துக்கும் நாலு வரி சேர்த்துக்கொள்வேன்.

வெளியே ஒரே பனிமூட்டம். எதிர்வீடு இருக்கிறதா என்பதே சந்தேகம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற எனக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். இந்த மாதிரிக் காலையில் அம்மாவுக்குக் கண் விழிக்கும், கை விழிக்காது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கூப்பிட்டால் வராத பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். விரல்கள் ஒவ்வொன்றாக இளகி வருவதற்குள் ஜன்னலில் வெளிச்சம் வந்துவிடும். அதுவரை நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். வீடே தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஓர் அமைதி, எனக்கு அது பிடிக்கும், நோய் என்பதுகூட மறந்துபோகும்.

அவளுக்குத் தோலில் செதில் செதிலாக வரும் சொரியாசிஸ் உண்டு என்பதும், அது பிற்பாடு மூட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் அவள் செய்கிற அலங்காரம். விருந்தாளி வருகிற வீட்டைப் போலக் கையைத் தயார் செய்வாள். வெந்நீரில் ஊறவைத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு, குழி விழுந்த நகங்கள் தெரியாமல் நகப்பூச்சு பூசி, கை நன்றாக இளகியிருக்கும் சாயங்கால வேளையாகப் பார்த்து ஜம்மென்று கிளம்புவாள். டாக்டரம்மா மூட்டு மூட்டாக அமுக்கி வலிக்குதாம்மா என்று கேட்பார், இல்ல டாக்டர், இப்ப எவ்வளவோ பரவாயில்ல என்பாள் இவள். நோய் அடங்கியிருக்கிறது என்று அவரும் சந்தோஷமாக அதே மருந்தை எழுதிக் கொடுப்பார். பரீட்சையில் பாஸானவள்போல் வீட்டுக்கு வருவாள், நானும் சேர்ந்து சந்தோஷப்படுவேன்.

போன வாரம் டாக்டரம்மா வெளியூர் போகிறார், உடனே வாருங்கள் என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வெந்நீருக்கும் நேரமில்லை, நகப்பூச்சுக்கும் நேரமில்லை. அங்கே பை ஜிப்பைத் திறக்க முடியாமல் அம்மா என்னிடம் நீட்டினாள், அதை அவர் பார்த்துவிட்டார். அவள் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தால், வலது ஆள்காட்டி விரலில் எலும்பின் ஓரம் எலி கடித்த ரொட்டி மாதிரி அரித்திருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னிக்கு வலி எப்படிங்கறது ஒண்ணு, பத்து வருஷம் கழிச்சு இந்தக் கை என்ன வேலை செய்யும்ங்கறது இன்னொண்ணு, உள்ள நோய் அடங்காம எரிஞ்சுகிட்டே இருந்தா கையோட வேலையக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும்மா, போனது திரும்பாது, மிச்சத்தக் காப்பாத்தலாம், ஆனா எனக்கு நிஜக் கையக் காட்டணும் என்றார்.

நாற்றுப் பண்ணை வேலை போய்விடும் என்று பயந்துதான் மறைத்தாள் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள், பால் வெளிச்சத்தில், ரோஜாத் தண்டைக் கீறி மொட்டைச் செருகி நாடா சுற்றி ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் எந்த உலகத்தில் இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் பயம் அது இல்லையாம். மோசம்னு டாக்டர் சொன்னா நீங்க வாய வச்சுகிட்டு சும்மா இருக்க மாட்டீங்க, பொண்ணுகிட்ட சொல்லிடுவீங்க, அவ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்று பஸ்ஸில் அழுதாள். இப்போது புது ஊசி மருந்து ஆரம்பித்தாயிற்று, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாமாம். பண்ணையில் கீறுவதும் செருகுவதும் இவள், நாடா சுற்றுவது கூட வேலை செய்கிற அக்கா. ஆகவே நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்காதே.

அம்மா எழுதச் சொன்ன விஷயம் இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை போனில், காலையில் எழுந்ததும் குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை, நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது, புதுச் செருப்புதான், ஒன்றுமில்லை என்று சிரித்தாயே, அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒண்ணுமில்ல என்னோடது, என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போயிருக்கு, எனக்குத் தெரியாதா என்கிறாள். இந்த மூட்டு நோய் குதிகாலிலும் இப்படித்தான் தொடங்கலாமாம். செருப்பாகவே இருக்கட்டும், நல்லதாக நானே ஒரு ஜோடி வாங்கி அனுப்புகிறேன். ஆனாலும் மூட்டு டாக்டரிடம் போய், அம்மாவுக்கு என்ன நோய் என்பதையும் சொல்லி, ஒருமுறை காட்டிவிடு. ஆயுசுக்கும் நீ ஓடியாடி நடக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

கடைசி வரியைத் தானே எழுதுவேன் என்று அம்மா பேனாவை வாங்குகிறாள். வெந்நீர் வைக்கட்டுமா என்றேன், வேண்டாமாம்.

கண்ணு, வலிக்கிற காலையிலேயே போ. மாத்திரை போட்டுக்கொண்டு போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மா